புகைக்கூண்டும் பிரபுவும்

பிரபு என்றவுடன் மாளிகையும் வேட்டையும் விருந்துமே நம் மனக்கண்ணில் தோன்றும். இத்திங்கள் நாம் எழுதப் புகும் பெரியாரோ, பெருங்குடியிற் பிறந்தும் தம்மையொத்த செல்வர் பலரின் முகச்சுளிப்புக்கு ஆளாகியே வாழ்நாளைக் கழித்தவர். விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில் விளங்கிய ஏழாம் ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவே அவர். இயற்பெயர் அந்தோணி ஆஷ்லி கூப்பர். பிறந்தது 1801இல், லண்டனில்.

பெற்றோரின் அன்பை அவர் அறியார். தந்தை கடுமையே உருவானவர்; தாயும் பிள்ளையைப் பொருட்படுத்தவில்லை. அவ்வீட்டில் ஊழியம் புரிந்த மரியா மில்லிஸ் என்னும் மாதரசியே அவரை மடியிலிருத்தி வேதக் கதைகளைச் சொன்னார்; பிரார்த்தனை செய்யவும் கற்பித்தார். அவர் இறக்கும்போது தம் பொற்கடிகாரத்தைச் சிறுவனுக்கு விட்டுச் சென்றார். அதனையே பிரபு முதுமையிலும் அணிந்திருந்தார். சுவிசேஷ நெறியில் அவர் கொண்ட அசையாத பக்தி, பேராயர்களிடமிருந்தன்று, ஒரு பணிப்பெண்ணிடமிருந்து வந்ததென்பதை நாம் மறத்தலாகாது.

1826இல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். மனநோயாளரைச் சங்கிலியிற் பிணித்து வைக்கோலிற் கிடத்திய விடுதிகளை ஆராயும் வேலை 1828இல் அவரை வந்தடைந்தது; அப்பணியை இறுதி வரை விடவில்லை. 1842இல், நிலக்கரிச் சுரங்கங்களில் இருட்டில் தனியே அமர்ந்து கதவு திறக்கும் சிறு பிள்ளைகளையும், இடுப்பிற் கட்டிய சங்கிலியால் வண்டியிழுக்கும் சிறுமிகளையும் பற்றிக் காமன்ஸ் சபையில் நெடுநேரம் பேசினார். அவ்வாண்டே, பெண்களும் 10 வயதுக்குட்பட்ட சிறுவரும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக்கூடாதெனச் சட்டமாயிற்று. ஆலைகளில் பெண்டிருக்கும் இளையோருக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேர வேலையே என்ற கோரிக்கைக்காகவும் 1833 முதல் போராடினார். எனினும் 1846இல் தானியச் சட்டங்களைப் பற்றித் தம் கருத்து மாறியபோது, தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு தவறியதென்று கருதிப் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு அந்த மசோதா நிறைவேறிய வேளையில் அவர் சபைக்கு வெளியே நின்றார். அதனை நிறைவேற்றியவர் ஜான் பீல்டன். இன்றைய அரசியலாரைக் கண்டு பழகிய நமக்கு இது கதை போலத் தோன்றும்.

ஆயினும் அவருடைய உறுதியை நாம் அளந்தறிவது புகைக்கூண்டு துடைக்கும் சிறுவரின் விஷயத்தில்தான். குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு எரிவதால் புகைக்கூண்டில் கரி படியும். சில கூண்டுகள் ஒன்பது அங்குலச் சதுரமே அகன்றவை. அவற்றுள் ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஏற்றினார்கள். முழங்காலும் முழங்கையும் காய்த்துப் போகட்டுமென்று உப்புநீர் தேய்த்து நெருப்பருகே நிறுத்தினார்கள். இடையிற் சிக்கி மூச்சுத் திணறி மாண்டோர் பலர். கரியினால் இவர்களுக்கு வரும் புற்றுநோயை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775லேயே எடுத்துரைத்திருந்தார்.

வேறு வழியில்லாமலா இது நடந்தது? துடைப்பதற்கான நீண்ட தூரிகைக் கருவி 1803லேயே வந்துவிட்டது. ஆனால் கருவி கொண்டு துடைத்தால் கம்பளத்தில் கரி சிந்துமென்று இல்லத்தரசிகள் அஞ்சினர். வளைந்த கூண்டுகளைத் திருத்தச் செலவாகுமென்று வீட்டுக்காரர்கள் தயங்கினர். 1840இல் சட்டம் வந்தது, எவரும் மதிக்கவில்லை. வழக்கை விசாரிக்கும் நீதிபதியின் வீட்டிலும் புகைக்கூண்டு உண்டல்லவா! 1864இல் மேலும் கடுமையான சட்டத்தைப் பிரபு கொண்டுவந்தார். அதுவும் ஏட்டோடு நின்றது. (நம் நாட்டில் 14 வயது நிரம்பாதோரை வீட்டு வேலைக்கு அமர்த்தலாகாதென 2006லேயே தடை வந்துவிட்டது. நம் குடியிருப்புகளின் மாடிப்படிகளில் மாலை வேளை ஏறி இறங்குவோர் அத்தடை படும் பாட்டை அறிவர்.)

1875 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜுக்கு அருகில், ஜார்ஜ் பிரூஸ்டர் என்னும் 11 வயதுச் சிறுவன் புகைக்கூண்டிற் சிக்கி இறந்தான். அது ஒரு மனநோய் விடுதியின் கூண்டு. எந்த நோயாளருக்காகப் பிரபு அரை நூற்றாண்டு பாடுபட்டாரோ, அவர்களுக்கென எழுந்த கட்டடமே அச்சிறுவனைப் பலிகொண்டது. முதிய பிரபு மீண்டும் எழுந்தார். போலீசாரிடம் ஆண்டுதோறும் அனுமதிச் சீட்டுப் பெறாதவர் அத்தொழில் செய்யலாகாதென அவ்வாண்டே சட்டம் இயற்றுவித்தார். அதன் பிறகே அக்கொடுமை ஓய்ந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 35 ஆண்டுகள்!

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது எம் நோக்கமன்று. ஏழைக்கு இரங்கிய அவரே ஏழைக்கு வாக்குரிமை தருவதை எதிர்த்தார். ஞாயிற்றுக்கிழமை அஞ்சல் கூடாதென 1850இல் தீர்மானம் நிறைவேற்றினார். மக்கள் பட்ட எரிச்சலால் சில வாரங்களிலேயே அது கைவிடப்பட்டது. சமயப் பற்று அவரைச் சில இடங்களில் குறுக்கவும் செய்தது.

நம் நாட்டுக்கும் அவர் கைநீண்டது. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் குழந்தைகள் படும் பாட்டை 1875 முதல் பிரபுக்கள் சபையில் எடுத்துரைத்தார். அதே வேளையில், இந்திய ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இதே குரலை எழுப்பினர். அவர்களுடைய இரக்கத்தின் எடை நாமறிந்ததே. பிரபுவை அவர்களோடு சேர்த்தெண்ணுதல் நீதியாகாது. அவர் அந்த லங்காஷயர் ஆலைகளையே முன்னர் எதிர்த்து நின்றவர். 1881இல் முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஏழு வயதுக்குட்பட்டோருக்கு வேலை கூடாது; ஏழு முதல் பன்னிரண்டு வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம்! இதுவே அன்று பெரிய சலுகை.

லண்டன் தெருவில் தள்ளுவண்டி வியாபாரம் செய்வோர் அவரைத் தம்மவராகவே எண்ணி, ஒரு கழுதையைப் பரிசளித்தனர். பிரபு அதனை மகிழ்ந்தேற்றுத் தம் கிராமத்துக்கு அனுப்பிவைத்தார். 1885 அக்டோபர் முதல் நாள் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டின்போது தெருவெங்கும் ஏழை மக்கள் திரண்டு நின்றனர். மன்னரும் மேதைகளும் துயிலும் அவ்வாலயத்தில் அவரை அடக்கம் செய்ய இடமளிக்க முன்வந்தனர். ஆனால் அவர் விருப்பப்படியே, மனைவி துயிலும் விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸ் என்னும் தம் சிற்றூருக்கு உடலைக் கொண்டு சென்றனர்.