‘கேள்’ என்ற ஒரு வினையும் அதற்கு ஈடான ஸ்பானிய வினைகளும்

ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிரே மூன்று நான்கு ஸ்பானிய வினைகள் அகராதியில் வரிசையாக நிற்கும்போது கற்பவர் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்கிறார் என்பதும், அதனால் இலக்கணம் வழுவாத, ஆனால் ஸ்பானியர் எவரும் சொல்லாத வாக்கியங்கள் பிறக்கின்றன என்பதும் ஸ்பானியம் கற்பிப்போருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் பழகிய செய்தி. பட்டியலை நீட்டுவதால் இது தீராது. ஆங்கிலச் சொல்லை நடுவிலிருந்து விலக்கி, கற்பவரின் சொந்த மொழிகள் அதே நிகழ்ச்சியை எப்படிப் பிரித்துச் சொல்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பதே இவ்விதழின் உறுதியான கருத்து.

தெற்குத் தில்லியில், ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய கிட்வாய் நகர், நடுவண் அரசு ஊழியர் குடியிருப்பு. அதன் பக்கத்திலுள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று நடக்கிறது. இப்பகுதியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இந்தியும் வகுப்பில் ஆங்கிலமும் வாய்க்கின்றன. அப்பிள்ளை பின்னாளில் ஹனுமான் சாலையிலுள்ள செர்வாந்தஸ் நிறுவனத்திலோ ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலோ ஸ்பானியம் படிக்கச் சென்றால், கையில் எடுத்துச் செல்வது பெரும்பாலும் ஆங்கில–ஸ்பானிய அகராதியாகவே இருக்கும். மற்ற இரண்டு மொழிகளும் வாசலிலேயே தங்கிவிடுகின்றன. இது பெரிய இழப்பு.

‘ஆஸ்க்’ என்ற ஆங்கில வினைக்கு ஸ்பானியத்தில் ‘ப்ரெகுந்தார்’, ‘பெதீர்’ என இரண்டு வினைகள் உண்டு. முன்னது தகவலை நாடிக் கேட்பது. பின்னது பொருளையோ உதவியையோ செயலையோ வேண்டிக் கேட்பது. தமிழின் ‘கேள்’ இவ்விடத்தில் ஆங்கிலத்தைவிடவும் அகன்றது. வழி கேட்பதும் கடன் கேட்பதும் பாட்டுக் கேட்பதும் அதனுள் அடங்குவதால், செவியால் கேட்பதைக் குறிக்கும் ‘ஓயிர்’, கவனித்துக் கேட்பதைக் குறிக்கும் ‘எஸ்குச்சார்’ ஆகியவையும் அதன் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. இங்கே கைகொடுப்பது இந்தி: ‘பூச்னா’ என்பது வினவுதல், ‘மாங்னா’ என்பது பொருளை வேண்டுதல். காய்கறிக்காரரிடம் விலையைப் ‘பூச்’சுவதும் கொசுறு ‘மாங்’குவதும் வேறு என்று நாள்தோறும் பழகிய பிள்ளைக்கு விதி எதுவும் தேவையில்லை. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு ஓர் உரைகல் சொல்லலாம்: கேட்டவருக்கு வாய்ப்பதில் போதுமானால் ‘ப்ரெகுந்தார்’, கைக்குப் பொருள் வந்தாலோ காரியம் நடந்தாலோதான் கேட்டது நிறைவேறும் என்றால் ‘பெதீர்’. ‘கேள்வி கேட்பது’ மட்டும் இதற்கு அடங்காது. அதற்கு ஸ்பானியத்தில் ‘செய்’ என்னும் பொருளுடைய ‘அசேர்’ வரும்.

இருத்தலைக் குறிக்கும் ‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இணையில் உதவிக்கு வருவது தமிழே. நிலையானதற்கு ‘செர்’, தற்காலிகமானதற்கு ‘எஸ்தார்’ என்று ஆங்கிலவழிப் பாடநூல்கள் தரும் விதி, தில்லி இந்தியாவில் இருக்கிறது என்னும் வாக்கியத்திலேயே உடைந்துபோகிறது. ஊர் நகர்வதில்லை, ஆயினும் அங்கே ‘எஸ்தார்’தான் வரவேண்டும். தமிழர் ‘அவர் ஆசிரியர்’, ‘அவர் நல்லவர்’ என்று வினையே இல்லாமல், பெயரே பயனிலையாக நிற்கும்படி சொல்லும் இடங்களில் ‘செர்’ வருகிறது. ‘வீட்டில் இருக்கிறார்’, ‘களைப்பாக இருக்கிறார்’ என்று ‘இரு’ வரும் இடங்களில் பெரும்பாலும் ‘எஸ்தார்’ வருகிறது. பொருத்தம் முழுமையானதன்று. ‘வீடு பெரிதாக இருக்கிறது’ என்பதற்கு ‘செர்’ வரலாம். ‘கூட்டம் கிட்வாய் நகரில் இருக்கிறது’ என்பதில் ‘நடக்கிறது’ என்று மாற்றிச் சொல்ல முடிவதால், நிகழ்ச்சிகளுக்குரிய ‘செர்’ வரும். ஆயினும் நிலையானது, தற்காலிகமானது என்ற பிரிவைவிட இது கற்பவரை மெய்க்கு அருகே கொண்டுசெல்கிறது.

‘ப்ளே’, ‘சேவ்’ போன்ற ஆங்கில வினைகளில் தமிழருக்குத் தடுமாற்றமே நேரக்கூடாது. விளையாடுவது ‘ஹுகார்’, வீணை வாசிப்பது ‘தொகார்’. பணத்தைச் சேமிப்பது ‘அஓர்ரார்’, உயிரைக் காப்பாற்றுவது ‘சல்வார்’, எடுத்து வைப்பது ‘குவர்தார்’. தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதை ஆங்கிலம் ஒன்றாக்கிக் காட்டுவதால்தான் பிழை உண்டாகிறது.

தமிழே பிழைக்கு இழுத்துச் செல்லும் இடமும் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ‘வா’, ‘தா’ என்னும் சொற்களைத் தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘செல்’, ‘கொடு’ என்பவற்றைப் படர்க்கைக்கும் உரியனவாக வகுக்கிறது. அதாவது பேசுபவரை நோக்கிய நகர்ச்சியும் கேட்பவரை நோக்கிய நகர்ச்சியும் ஒரே வினையைப் பெறுகின்றன. அதனால்தான் வாசலில் அழைப்பவருக்கு உள்ளிருந்து ‘இதோ வருகிறேன்’ என்று விடை கூறப்படுகிறது. ஆங்கிலமும் இவ்விடத்தில் அப்படியே. ஸ்பானியத்தில் ‘வெனிர்’ என்னும் வருதல்வினை பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கியே அமைவதால், அங்கே ‘போ’ என்னும் பொருளுடைய ‘இர்’ வினையைக் கொண்டு ‘யா வோய்’ என்றே சொல்ல வேண்டும். கொண்டுவருதலைக் குறிக்கும் ‘த்ரயேர்’, கொண்டுசெல்லுதலைக் குறிக்கும் ‘யெவார்’ ஆகியவற்றுக்கும் இதே வரையறை பொருந்தும். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளும் இப்பிழை, மேல்நிலைத் தேர்வெழுதுவோரிடமும் எளிதில் மறைவதில்லை. ஆகவே பயிற்சித்தாள் வகுப்போர் கோடிட்ட இடத்துக்கு எதிரே ஆங்கில வினையை அச்சிடுவதை விட்டு, யார் எங்கே நிற்கிறார், யாரை நோக்கி நகர்கிறார் என்ற சூழலைத் தமிழிலோ இந்தியிலோ இரண்டு வரியில் எழுதித் தருவது நல்லது.