கடலுக்குக் கீழே விளையும் நாட்டில் 52 வாரக் கடைசிகள்

வேதாரண்யம் பக்கத்து விவசாயி ஒருவரின் கடிதம் இந்த இதழுக்கு முதல் கேள்வியாக வருகிறது. மூன்று ஏக்கர் நிலம். அதில் ஒரு ஏக்கர் உப்பேறிக் கிடக்கிறது. வேளாண்மைப் பட்டம் முடித்த மகள், வங்கிக் கடனில் ஓராண்டுப் படிப்புக்காக நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரத்துக்குப் போயிருக்கிறார். போன இரண்டாம் மாதத்தில் இருந்தே சனி, ஞாயிறு தவறாமல் எங்காவது கிளம்பிவிடுகிறார்; படங்கள் மட்டும் கைப்பேசிக்கு வருகின்றன. கடன் வாங்கிப் படிக்கப் போன பிள்ளை ஊர் சுற்றலாமா, அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போனால் வட்டியாவது கட்டலாமே என்பது தகப்பனாரின் கேள்வி. கடைசி வரியில், சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நம்ம நிலத்துக்கு உதவுகிற மாதிரி அங்கே என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறார். அந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம்.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து படிக்கப் போகும் மாணவர், நெதர்லாந்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மட்டும் முழு நேரம் செய்யலாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. வேலை கொடுப்பவர் அந்த மாணவருக்கென்று அரசிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அனுமதி இல்லாமலோ, மணிக்கணக்கை மீறியோ செய்தால் தங்கும் உரிமைக்கே ஆபத்து வரலாம். வேலையில் சேர்ந்ததும் அந்த நாட்டு மருத்துவக் காப்பீடு எடுப்பது கட்டாயம். அதற்கு மாதம் நூறு யூரோவுக்கு மேல் ஆகும். வருமானம் குறைந்தவர்களுக்கு அதில் ஒரு பகுதி அரசு உதவியாகத் திரும்பக் கிடைக்கும் என்றாலும், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வேலையில் இறங்கக் கூடாது. சனிக்கிழமை ஒரு நாள் பசுமைக்குடிலிலோ உணவகத்திலோ வேலை, ஞாயிறு ஒரு நாள் வெளியூர் என்று பிரித்துக்கொள்வது நடக்கிற காரியம். இரண்டு நாளையும் பாத்திரம் கழுவுவதில் கழித்துவிட்டுத் திரும்பி வந்தால், அந்த ஓராண்டில் பாதிப் படிப்பு படிக்கப்படாமலே போகிறது.

பாதிப் படிப்பு என்பது மிகையில்லை. நெதர்லாந்து, தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு. அதன் நிலத்தில் சுமார் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அப்படி இருந்தும் வேளாண் ஏற்றுமதி மதிப்பில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. எப்படி என்பதற்கான விடை வகுப்பறையில் கொஞ்சமும், கரைகளிலும் வாய்க்கால்களிலும் மிச்சமும் கிடக்கிறது.

உப்பு நிலக்காரர் மகள் முதலில் போக வேண்டிய இடம், தென்மேற்கே இருக்கும் சீலாந்து மாகாணம். 1953 ஜனவரி 31 இரவு, புயலும் பெருங்கடல் ஏற்றமும் சேர்ந்து வந்து அங்கே கரைகளை உடைத்தன. 1,836 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கில் மாடுகள் மாண்டன. விளைநிலங்களில் மாதக் கணக்கில் கடல் நீர் நின்றது. கடைசி உடைப்பை அந்த ஆண்டு நவம்பரில்தான், பெரிய பெரிய கான்கிரீட் பெட்டிகளை மிதக்கவிட்டு இழுத்து வந்து மூழ்கடித்து அடைத்தார்கள். அவ்வர்கெர்க் என்ற ஊரில் அந்தப் பெட்டிகளில் நான்கு இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குள்ளேயே வெள்ளத்தைப் பற்றிய அருங்காட்சியகம் நடக்கிறது. வாகனிங்கனில் இருந்து ரயில், பேருந்து என்று மாறி மாறிப் போக வேண்டும். விடிகாலையில் கிளம்பினால் ஒரு முழு நாள் பயணம்.

அங்கே கடல் நீர் வடிந்த பிறகு நிலத்தை மீட்க ஜிப்சம் இட்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்திலும் அதே ஜிப்சம்தான், கூடவே தக்கைப்பூண்டு. காரணமும் ஒன்றுதான். கடல் நீரில் உள்ள சோடியம் களிமண் துகளைப் பிடித்துக்கொள்கிறது. மண் இறுகி, மேலே விழும் தண்ணீர் கீழே இறங்காமல் போகிறது. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைத் துரத்திவிட்டு அதன் இடத்தில் உட்காருகிறது. ஆனால் துரத்தப்பட்ட சோடியம் வயலை விட்டு வெளியே போக வேண்டுமே! நல்ல தண்ணீர் கட்டி, அதை வடித்தால்தான் போகும். நம் பக்கத்தில் மூட்டை மூட்டையாக ஜிப்சம் போட்டும் பலன் இல்லை என்று சொல்லும் வயல்களில் பெரும்பாலும் குறை ஜிப்சத்தில் இல்லை, வடிகாலில் இருக்கிறது. தண்ணீரைக் கொண்டுவர நாம் படுகிற பாட்டில் பத்தில் ஒரு பங்கை அதை வெளியேற்றப் படுவதில்லை. நெதர்லாந்துக்காரர் வயலுக்கு அடியில், சுமார் ஒரு மீட்டர் ஆழத்தில், துளையிட்ட குழாய்களை வரிசையாகப் புதைத்து வைத்திருக்கிறார். அவை வயலோர வாய்க்காலில் வந்து திறக்கின்றன. சாலையோரமாக சைக்கிளில் போனாலே குழாய் வாய்கள் கண்ணில் படும். அந்த மகள் இந்தக் குழாய் வாய்களைப் படம் எடுத்து அனுப்பினால், தகப்பனார் கோபப்படாமல் பார்க்கலாம்.

சீலாந்தில் இன்னொன்றும் உண்டு. அங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. ஆனால் மழை நீர் எடை குறைவு என்பதால் உப்பு நீரின் மேலே ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. பயிரின் வேர் அந்தப் படலத்தை நம்பி நிற்கிறது. வேதாரண்யம் மணல் மேட்டில் ஆழமில்லாத கிணறு தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இழுத்தால் என்ன ஆகும் என்பதும் இரண்டு ஊருக்கும் தெரியும். அந்தப் படலத்தைத் தடிப்பாக வைத்துக்கொள்ள அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டு வருவது ஒரு பயணச் செலவுக்கு மேல் பெறும்.

அதே மாகாணத்தில் ஊஸ்டர்ஸ்கெல்ட் தடுப்பு இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் நீளம், 62 இரும்புக் கதவுகள், 1986-இல் திறக்கப்பட்டது. முதலில் அந்தக் கழிமுகத்தை முழுவதுமாக அடைப்பதுதான் திட்டம். மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்ததால், சாதாரண நாளில் திறந்தும் புயல் நாளில் மூடியும் வைக்கிற கதவுகளாக மாற்றினார்கள். செலவு கூடியது, சிப்பியும் மீனும் தப்பின.

வடக்கே ஃபிளேவோலாந்து. 1932-இல் 32 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலின் குறுக்கே அணை கட்டி, உள்ளே அகப்பட்ட தண்ணீரை நன்னீர் ஏரியாக்கினார்கள். பிறகு அந்த ஏரியில் பகுதி பகுதியாகக் கரை போட்டு, தண்ணீரை இறைத்து, நிலம் எடுத்தார்கள். 1957-இல் வற்றிய பகுதியில் சேறு காயவில்லை. கால் வைத்தால் புதையும். விமானத்தில் இருந்து நாணல் விதை தூவினார்கள். நாணல் வளர்ந்து தண்ணீரை உறிஞ்சி மண்ணை உலர்த்தியது. அதன் பிறகு சில ஆண்டுகள் அரசே பயிர் செய்து நிலத்தைப் பக்குவப்படுத்திவிட்டுத்தான் விவசாயிகளிடம் கொடுத்தது. அதற்கு முன்பே, 1942-இல் வற்றிய வடகிழக்குப் பகுதியில் நிலம் கேட்டவர்களைச் சலித்து எடுத்தார்கள். அதிகாரிகள் வீடு தேடி வந்து, வீட்டுக்காரம்மா வீட்டை எப்படி வைத்திருக்கிறார் என்றுகூடப் பார்த்தார்கள். இதைப் படித்து நம் ஊர் அம்மாக்கள் என்ன சொல்வார்களோ! அந்தப் பகுதியில் ஸ்கோக்லாந்து என்று ஓர் இடம். ஒரு காலத்தில் தீவு. அலை அரித்து வாழ முடியாமல் போனதால் 1859-இல் அரசர் ஆணையில் மக்களை வெளியேற்றினார்கள். இன்று அதைச் சுற்றிலும் வயல். தீவு, வயல் நடுவே ஒரு மேடாக நிற்கிறது.

இந்தத் தண்ணீரை எல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது கட்டாயம் விசாரிக்க வேண்டிய சங்கதி. நீர் வாரியங்கள் என்று 21 இருக்கின்றன. ரைன்லாந்து வாரியம் 13-ஆம் நூற்றாண்டில் இருந்து இருக்கிறது. தனித் தேர்தல், தனி வரி. கரை, வாய்க்கால், இறைப்பு நிலையம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நம் குடிமராமத்தும் நீர்க்கட்டியும் நினைவுக்கு வரலாம். வித்தியாசம், அங்கே அது அறுபடவில்லை. வரியும் தவறாமல் வசூலாகிறது.

விலை விஷயத்துக்கு வருவோம். ஆல்ஸ்மீர் பூ ஏலம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது வேலை நாட்களில், அதிகாலையில் நடப்பது. வாரக் கடைசியில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். அதற்கு ஒரு நாள் விடுப்பு போடத்தான் வேண்டும். அங்கே விலை ஏறாது, இறங்கும்: கடிகார முள் போல உயர்ந்த விலையில் தொடங்கிக் கீழே வரும், முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. இந்த முறையை விவசாயி கண்ணோடு பார்க்க இன்னும் நல்ல இடம், புரூக் ஆப் லாங்கெடைக் ஊரின் பழைய காய்கறி ஏலக் கூடம். அந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான குட்டித் தீவுகளில் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் விளைந்தன, படகில்தான் போக்குவரத்து. 1887-இல் அங்கே ஏலம் தொடங்கியது. படகு சரக்கோடு கூடத்துக்குள்ளேயே மிதந்து வரும். வியாபாரிகள் எதிரே வரிசையாக உட்கார்ந்து விலை பிடிப்பார்கள். தனித்தனியாக வியாபாரியிடம் போய் நின்ற விவசாயிக்கு, எல்லா வியாபாரியையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தது அந்தக் கூடம். இப்போது அருங்காட்சியகம், கோடை மாதங்களில் போனால் பார்வையாளரும் பொத்தான் அழுத்தி ஏலம் எடுக்கலாம்.

கியூகன்ஹோஃப் துலிப் தோட்டத்தைப் பார்க்காமல் எந்த மாணவரும் திரும்புவதில்லை. மார்ச் பிற்பகுதி முதல் மே நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் கனம், கூட்டம் அதைவிடக் கனம். ஒரு தடவை போதும். அதைவிடச் சுற்றியுள்ள வயல்களில் சைக்கிளில் போவது இலவசம். அங்கே ஒரு காட்சி: நன்றாகப் பூத்த துலிப்பை இயந்திரம் கொண்டு தலையைக் கொய்துவிடுவார்கள். அந்த வயலில் விளைச்சல் பூ இல்லை, கிழங்கு. பூவை விட்டால் சத்து விதைக்குப் போய்விடும். படம் எடுக்கிறேன் என்று வயலுக்குள் இறங்கவே கூடாது. காலில் ஒட்டி நோய் பரவும் என்று அங்குள்ள விவசாயிகள் கெஞ்சிக் கேட்கிறார்கள். அல்க்மார் பாலாடைக்கட்டிச் சந்தை வெள்ளிக்கிழமைக் காலையில், பெரும்பாலும் பார்வைக்காக நடப்பது. கிண்டர்டைக்கில் 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ராட்டர்டாமில் இருந்து படகில் போகலாம், அவை மாவு அரைக்கக் கட்டியவை அல்ல, தண்ணீர் இறைக்கக் கட்டியவை என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் போதும்.

காசில்லாமல் பார்க்கக் கூடியவையும் நிறைய. ஏப்ரலில் ஒரு வாரக் கடைசியில் பசுமைக்குடில்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். தக்காளி, மிளகாய் கட்டுக் கொடியில் எப்படி ஏற்றுகிறார்கள் என்று நேரில் கேட்கலாம். அதே பருவத்தில், குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்த கறவை மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் நாளுக்கு ஊரையே அழைக்கும் பண்ணைகள் உண்டு. மாடுகள் துள்ளிக் குதிக்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பண்ணையில் பால் விற்பனை நடக்கும். கிராமச் சாலைகளில் ஆளில்லாக் கடைகள்: உருளை, முட்டை, பூசணி வைத்து, பக்கத்தில் ஒரு உண்டியல். எடுத்துக்கொண்டு காசு போட வேண்டியதுதான்.

செலவுக் குறிப்புகள் சில. வாகனிங்கனில் ரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ஏடே நிலையத்துக்குப் பேருந்திலோ சைக்கிளிலோ போக வேண்டும். வாரக் கடைசிப் பயணத்துக்கு 40 சதவிகிதம் தள்ளுபடி தரும் ரயில் சந்தா, நாலைந்து பேர் சேர்ந்து வாங்கும் குழுச் சீட்டு இரண்டும் கைகொடுக்கும். பழைய சைக்கிள் வாங்கினால் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும், இருட்டில் விளக்கில்லாமல் போனால் அபராதம். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், நாலரைக்கு இருட்டும். அந்த மாதங்களை அருங்காட்சியகங்களுக்கு ஒதுக்கிவிட்டு, இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் ஜூன், ஜூலையை வயல்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அந்நாட்டுத் தங்கும் அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் போன்ற ஷெங்கன் நாடுகளுக்கு, 180 நாளில் 90 நாள் வரை, தனி விசா இல்லாமல் போய் வரலாம். லண்டன் அந்தக் கணக்கில் வராது. ஜனவரியில் பெர்லினில் பத்து நாள் வேளாண் கண்காட்சி நடக்கிறது, 1926-இல் தொடங்கியது. பாரிஸிலும் பிப்ரவரி கடைசியை ஒட்டி ஒன்று உண்டு. இரண்டில் ஒன்றுக்குப் போனால் போதும்.

சாப்பாடும் இடமும் கொடுத்துப் பண்ணை வேலை வாங்கிக்கொள்கிறோம் என்று வரும் அழைப்புகளைக் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளியாமல் ஏற்கக் கூடாது. அதுவும் வேலைக் கணக்கில் வரலாம். கோழி, பன்றிப் பண்ணைகளுக்குச் சொல்லாமல் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். பறவைக் காய்ச்சல் பயம்.

திரும்பி வரும்போது பெட்டியில் துலிப் கிழங்கு, விதை, ஒரு பிடி மண் என்று எதுவும் வரக் கூடாது. 2003-ஆம் ஆண்டின் பயிர்த் தடுப்புக்காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள். தப்பி வந்தாலும் பயனில்லை. வாரக் கணக்கில் குளிரில் கிடந்தால்தான் துலிப் கிழங்கு பூக்கும்; வேதாரண்யத்தில் அது அழுகிப் போகும்.