பேடிஎம் ஷேர் வாங்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பிரியாணிக் கடை முதல் பூக்கடை வரை கியூஆர் கோடு அட்டையும், பணம் வந்ததும் குரல் கொடுக்கும் சவுண்ட் பாக்ஸும் இருக்கின்றன. 'எல்லோரும் பயன்படுத்துகிறார்களே, அந்தக் கம்பெனி ஷேரை வாங்கினால் லாபம்தானே?' என்று ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். போனஸ் பணத்தைப் போடுவதற்கு முன் கணக்குப் பாருங்கள் என்பதே என் பதில்.

முதலில் வருமானம். யுபிஐ-யை நடத்துவது என்பிசிஐ அமைப்பு. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் செலுத்தும் பணத்துக்குக் கடைக்காரர் தரவேண்டிய கட்டணத்தை 2020 ஜனவரியில் அரசு நீக்கியது. எனவே நாம் எத்தனை முறை ஸ்கேன் செய்கிறோம் என்பதை வைத்து லாபத்தைக் கணிக்க முடியாது. சவுண்ட் பாக்ஸ் வாடகை, கடன் ஏற்பாடு செய்து தரும் கமிஷன் போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது விலை. 2021 நவம்பரில் பேடிஎம் ஷேர் 2,150 ரூபாய்க்கு வெளியிடப்பட்டது. குறைந்தது 6 ஷேர், அதாவது 12,900 ரூபாய். சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே விலை சுமார் 27 சதவீதம் சரிந்தது. அதற்கு முந்தைய நிதியாண்டில் கம்பெனியின் நஷ்டம் சுமார் 1,700 கோடி. விளக்க அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது முன்பே தெரியும்.

மூன்றாவது விதிமுறை. 2024 ஜனவரி 31-ல் பேடிஎம் பேமென்ட்ஸ் பேங்க் புதிய டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அந்த மே மாதம் ஷேர் விலை 310 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 12,900 ரூபாய் 1,860 ஆகிவிட்டது. ஆப் மட்டும் வழக்கம்போல் வேலை செய்துகொண்டிருந்தது!

லாபம் என்று செய்தி வந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். 2024 ஜூலை-செப்டம்பரில் வந்த 930 கோடி லாபத்துக்குக் காரணம், டிக்கெட் விற்பனைத் தொழிலை சொமாட்டோவுக்கு விற்றதுதான். அது ஒருமுறை மட்டும் வரும் பணம். 2025 ஏப்ரல்-ஜூனில் வந்த 122 கோடிதான் கவனிக்க வேண்டியது. அதிலும் 'இதர வருமானம்' எவ்வளவு என்று பாருங்கள். பிஎஸ்இ, என்எஸ்இ வெப்சைட்டுகளில் காலாண்டு முடிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சொந்தத் தொழிலிலிருந்தே தொடர்ந்து நான்கு காலாண்டுகள் லாபம் காட்டி, விலையும் அதற்குப் பொருத்தமாக இருந்தால் வாங்கலாம். அப்போதும் கடன் வாங்கியோ, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் பணத்திலோ வேண்டாம்.