பேய் எதற்கும் உருவகம் அல்ல

திகில் புனைவுக்கு இலக்கிய இதழ்களின் பக்கங்களில் இன்று ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பேய்க்கதை என்றாலே முகம் சுளித்த விமர்சகர்கள்கூட இப்போது அதை முழுநீள மதிப்புரைக்கு உரியதாகக் கருதுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் இந்த வரவேற்போடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. இதில் வரும் பேய் உண்மையில் பேயல்ல, அது இராணுவ ஆட்சி என்றும், இந்தச் சாபம் உண்மையில் சாபமல்ல, அது வறுமை என்றும் மதிப்புரையாளர் முதல் பத்தியிலேயே நமக்கு உறுதியளித்துவிடுகிறார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வதுபோல, இலக்கியத்தின் வாசலில் பேயிடம் அதன் பேய்த்தன்மையைக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

பார்வைக்கு இது மரியாதைபோலத் தோன்றும். ஆனால் கதைக்கும் வாசகருக்கும் இதனால் நேரும் இழப்பு பெரிது என்பது நம் கருத்து. அர்ஜென்டினாவிலிருந்து வந்து, அண்மை ஆண்டுகளில் ஆங்கிலம் வழியே பரவலாக வாசிக்கப்படும் சில நூல்களை முன்வைத்து இதைப் பேசலாம். மேற்சொன்ன நிபந்தனைக்கு மிக அதிகமாக ஆளாகிறவை அந்த நூல்கள். அதற்கு இணங்க மறுப்பதில் உறுதியானவையும் அவையே.

முதலில் மரியானா என்ரிக்கெஸ். 1973-இல் புவெனஸ் அய்ரெஸில் பிறந்தவர், இதழாளர். 2009-இல் வெளிவந்த அவருடைய சிறுகதைத் தொகுப்பு, ‘தி டேஞ்சர்ஸ் ஆஃப் ஸ்மோக்கிங் இன் பெட்’ என்ற பெயரில் 2021-இல் ஆங்கிலத்திற்கு வந்து, அவ்வாண்டின் சர்வதேச புக்கர் பரிசுக் குறும்பட்டியலிலும் இடம்பெற்றது. ‘திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்’ 2016-இலும், ‘எ சன்னி ப்ளேஸ் ஃபார் ஷேடி பீப்பிள்’ 2024-இலும் வந்த தொகுப்புகள். இவற்றுக்கிடையே 2019-இல் எர்ரால்தே பரிசு பெற்ற ‘அவர் ஷேர் ஆஃப் நைட்’ என்னும் பெருநாவல். நான்கையும் ஆங்கிலத்தில் தந்தவர் மேகன் மக்டவல்.

இக்கதைகளுக்குள் செல்லுமுன் ஒரு வரலாற்றை நினைவுகூர வேண்டும். 1976 மார்ச் 24 முதல் 1983 டிசம்பர் வரை அர்ஜென்டினாவை இராணுவம் ஆண்டது. அந்த ஆண்டுகளில் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டோர் 30,000 பேர் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. ஆட்சி மாறியபின் அமைக்கப்பட்ட விசாரணைக்குழு 1984-இல் ஏறத்தாழ 9,000 பேரை ஆவணப்படுத்தியது. சிறைகளில் பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு பெயரில் வேறு வீடுகளில் வளர்க்கப்பட்டனர். அவர்களைத் தேடி 1977-இல் திரண்ட பிளாசா தே மாயோ பாட்டிமார்கள் இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரக்குழந்தைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இராணுவ ஆட்சியின் தலைவர் விதேலா, 1979-இன் இறுதியில் நடந்த செய்தியாளர் சந்திப்பு ஒன்றில் காணாமல்போனவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அத்தகையவர் உயிரோடு இருப்பவரும் அல்லர், இறந்தவரும் அல்லர், அவருக்கு இருப்பே கிடையாது என்ற பொருளில் பதிலளித்தார். உயிரோடும் இல்லாத, இறக்கவும் இல்லாத ஒன்றை நம் பாட்டிமார்கள் எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்பதை வாசகர்க்குச் சொல்லத் தேவையில்லை. அர்ஜென்டினாவில் பேயை எழுத்தாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. அரசே ஆயிரக்கணக்கான குடிமக்களை அந்த நிலையில் வைத்து, அதைக் கேமராக்களுக்கு முன்னால் அறிவிக்கவும் செய்தது. ஆகவே என்ரிக்கெஸின் கதையில் வரும் பேயைக் ‘காணாமல்போனவர்களின் உருவகம்’ என்று விளக்கும்போது நாம் திசையை மாற்றிப் பிடிக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஏற்கெனவே பேய்கள்தாம். கதை அவர்களை அந்த நிலையிலேயே, கொஞ்சமும் மென்மையாக்காமல், நம் முன்னால் நிறுத்துகிறது.

‘திங்ஸ் வி லாஸ்ட் இன் தி ஃபயர்’ தொகுப்பில் உள்ள விடுதிக் கதையை எடுத்துக்கொள்வோம். சிற்றூர் ஒன்றின் தங்கும் விடுதிக்குள் இரண்டு பெண்கள் இரவில் திருட்டுத்தனமாக நுழைகிறார்கள். விடுதிக்காரியைப் பழிவாங்க, மெத்தைகளுக்குள் இறைச்சியை ஒளித்துவைத்து நாற்றமெடுக்கச் செய்வது அவர்கள் திட்டம். அந்தக் கட்டடம் இராணுவ ஆட்சிக் காலத்தில் காவலர் பயிற்சிப் பள்ளியாக இருந்தது. திடீரென வெளியே வாகனங்களின் விளக்கொளி, ஓடிவரும் காலடிகள், சன்னல்களில் இடிக்கும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. கதை சொல்வது இவ்வளவே. பெண்களுக்கு நேர்வது வரலாற்றுப் பாடம் அல்ல, அச்சம் மட்டுமே. யாரோ சிலருக்கு அதே கட்டடத்தில், விளக்கம் எதுவும் தரப்படாமல் நேர்ந்த அச்சம் அது. ‘இது சர்வாதிகாரத்தின் நினைவு’ என்று குறிப்பெழுதிய கணத்திலேயே நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அப்பெண்களுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை என்பதுதான் கதை.

ஆவிகளோடு பேசும் பலகையை வைத்துக்கொண்டு ஐந்து பதின்வயதுப் பெண்கள் கூடும் கதை இதைவிடக் கடுமையானது. அவர்களுள் ஒருத்தியின் பெற்றோர் காணாமலாக்கப்பட்டவர்கள். உடல்கள் எங்கே என்று கேட்கவே பலகையின் முன் அமர்கிறார்கள். வேறு மூவருக்கும் உறவிலோ அறிமுகத்திலோ அப்படி ஒருவர் உண்டு. ஒருத்திக்கு மட்டும் யாருமில்லை. அவள் இருப்பது தொல்லையாக இருக்கிறது என்று ஆவி உணர்த்துகிறது. கடைசியில் கதவைத் தட்டி வருவது எது என்பதைக் கதையிலேயே படித்துக்கொள்க. ஆனால் அது யாருக்காக வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: இழப்பதற்கு யாருமின்றி, ஆர்வத்தினால் மட்டும் அந்த மேசையில் அமர்ந்திருந்தவளுக்காக. அந்த இடம் வாசகருடைய இடம் என்று நமக்குத் தோன்றுகிறது. பிறர் துயரத்தை இலக்கிய அனுபவமாகச் சுவைக்க வந்து அமர்ந்திருப்பவர்கள் நாம். உருவகங்களை அவிழ்த்துக் காட்டும் மதிப்புரை இந்தக் கதையிலிருந்து நம்மைப் பத்திரமாக வெளியே அழைத்து வந்துவிடுகிறது.

‘தி டேஞ்சர்ஸ் ஆஃப் ஸ்மோக்கிங் இன் பெட்’ தொகுப்பில், புவெனஸ் அய்ரெஸின் பூங்காக்களில் காணாமல்போன சிறார்கள் திரும்பி வரும் கதை ஒன்று உண்டு. எந்த நாளில் தொலைந்தார்களோ அதே வயது, அதே தோற்றம். பெற்றோர் முதலில் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள். சில நாட்களில், ‘இது எங்கள் பிள்ளை இல்லை’ என்று திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். இழந்தவர் திரும்பி வரவேண்டும் என்னும் வேண்டுதலைவிட மனித மனத்தில் ஆழமான வேண்டுதல் இல்லை. அது நிறைவேறினால் அதை நம்மால் தாங்க முடியுமா என்று கேட்கும் துணிவு யதார்த்தக் கதைக்கு எளிதில் வாய்ப்பதில்லை. தேடுகிறவர்களின் காத்திருப்பைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். அந்தக் காத்திருப்பு முடிந்துபோவதன் பயங்கரத்தை எழுதப் பேய் வேண்டியிருக்கிறது.

செய்தியிலிருந்து எழும் கதைகளிலும் இதே நிலைதான். 2002-இல் புவெனஸ் அய்ரெஸ் காவலர்கள் மூன்று இளைஞர்களை ரியாச்சுவேலோ ஆற்றில் குதிக்கும்படி கட்டாயப்படுத்தினர். 19 வயதான ஒருவர் மூழ்கி இறந்தார். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கறுத்துப்போன அந்த ஆற்றைத் தூய்மைப்படுத்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2008-இல் ஆணையிட்டது. என்ரிக்கெஸின் ‘கறுப்பு நீரின் அடியில்’ என்ற கதை இந்த ஆற்றங்கரைக்கு ஓர் அரசு வழக்கறிஞரை அனுப்புகிறது. ஆற்றின் அடியில் ஏதோ ஒன்று அடைபட்டிருக்கிறது, இந்த மாசு அதன்மேல் போட்ட மூடியாக இருக்கலாம் என்றும் கதை சொல்கிறது. இதைச் சூழல் சீர்கேட்டின் உருவகம் என்று மட்டும் வாசிப்பதானால் கதை எதற்கு? நாளிதழே போதுமே. வழக்கும் தீர்ப்பும் தொடமுடியாத மிச்சம் ஒன்று அந்த நீரில் கிடக்கிறது. அதைக் காட்டவே கதை நீருக்குள் இறங்குகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. உருவகமாகவே திட்டமிடப்பட்டு எழுதப்பட்ட திகில் நூல்கள் இல்லையா? உண்டு. அகஸ்தினா பாஸ்தெரிக்காவின், ஆங்கிலத்தில் ‘டெண்டர் இஸ் தி ஃபிளெஷ்’ என்று 2020-இல் வந்த நாவல் அதற்குச் சான்று. கிளாரின் நாவல் பரிசை 2017-இல் பெற்ற இந்நூலில், விலங்கு இறைச்சியெல்லாம் நஞ்சாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டபின் மனித இறைச்சி சட்டபூர்வமாகிறது. மாட்டிறைச்சியைத் தன் அடையாளமாகக் கொண்டாடும் ஒரு நாட்டிலிருந்து வந்த கற்பனை இது. நாவலின் வலிமை அதன் மொழியைப் பற்றிய கூர்மையில் இருக்கிறது. அங்கே ‘மனிதர்’ என்ற சொல் தவிர்க்கப்படுகிறது. ‘தலை’ என்கிறார்கள், ‘சிறப்பு இறைச்சி’ என்கிறார்கள். சொல்லை மாற்றினால் செயலும் மாறிவிடும் என்று நம்பும் அதிகார மொழியை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய புனைவுகள் குறைவு. ஆயினும், நாவலின் சமன்பாடு நமக்கு 50 பக்கங்களுக்குள் புரிந்துவிடுகிறது. அதன்பின் அருவருப்பு கூடுகிறது, அச்சம் கூடுவதில்லை. இறுதிப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. அங்கே கதாநாயகன் செய்யும் செயலை நாவலின் சமன்பாடு முழுமையாக விளக்கிவிடுவதில்லை. நூலின் உண்மையான திகில் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சமாந்தா ஷ்வெப்லினின் குறுநாவல் இதற்கு மறுதுருவம். ஸ்பானிய மூலம் 2014-இல் வந்தது. ‘ஃபீவர் ட்ரீம்’ என்ற ஆங்கில வடிவம் 2017-இன் மேன் புக்கர் சர்வதேசப் பரிசின் குறும்பட்டியலில் இருந்தது. இறந்துகொண்டிருக்கும் ஒரு தாயிடம், அவளுடைய மகனல்லாத ஒரு சிறுவன் கேள்விகள் கேட்கிறான். முக்கியமான கணம் எது, அதைச் சொல் என்று அவசரப்படுத்துகிறான். மகளுக்கு ஆபத்தென்றால் எத்தனை நொடியில் போய்ச் சேரலாம் என்று அத்தாய் எந்நேரமும் மனத்துள் அளந்துகொண்டே இருப்பவள். அந்தத் தொலைவே மூலநூலின் பெயர். சுற்றிலும் சோயா வயல்கள். களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றிய சோயா அர்ஜென்டினாவில் 1996-இல் அனுமதிக்கப்பட்டு, பரந்த நிலப்பரப்பை ஆட்கொண்டது. நாவலில் ஆட்கள் பீப்பாய்களை இறக்குகிறார்கள். அருகே புல்லில் அமர்ந்த தாயும் மகளும் தங்கள் உடை நனைந்திருப்பதைப் பனி என்று எண்ணுகிறார்கள். அவ்வளவுதான். நஞ்சுண்ட பிள்ளையைக் காப்பாற்ற அவன் உயிரில் பாதியை வேறோர் உடலுக்கு மாற்றும் ஊர்ப்பெண் ஒருத்தியும் நாவலில் உண்டு. நஞ்சு அதில் மெய். உயிர் இடம்மாறுவதும் அதே அளவுக்கு மெய். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஷ்வெப்லின் நமக்கு அளிப்பதில்லை.

மெய்யாகவே மாண்டவர்களை வைத்துத் திகில் கதை எழுதுவது அறமா என்ற கேள்வியும் எழும். எழத்தான் வேண்டும். ‘அவர் ஷேர் ஆஃப் நைட்’ நாவலைப் படிக்கையில் நமக்கும் அந்த உறுத்தல் ஏற்பட்டது. 1981-இல் ஒரு தந்தையும் சிறுமகனும் காரில் வடக்கே பயணிப்பதாகத் தொடங்கும் அந்நாவலில், செல்வக் குடும்பங்களின் இரகசியக் குழு ஒன்று இருளை வழிபடுகிறது; இராணுவ ஆட்சியின் மறைவில் தன் பலிகளைப் பெருக்கிக்கொள்கிறது. பணமும் அதிகாரமும் எப்படிக் கைகோத்தன என்று காட்டும் பகுதிகள் அபாரமானவை. ஆனால் இருளின் சடங்குகளும் விதிகளும் நீளமாக விளக்கப்படும் இடங்களில், குறிப்பாக லண்டனில் நடக்கும் பகுதியில், பலிகள் பின்னணிக்குப் போய்விடுகிறார்கள். நம் அளவுகோல் இதுதான்: கதையின் அச்சம் மாண்டவரை நம் அருகே கொண்டுவருகிறதா, அல்லது வெறும் அரங்கப்பொருளாக்கிவிடுகிறதா? சிறுகதைகளில் என்ரிக்கெஸ் இந்தச் சோதனையில் தேறுகிறார். பெருநாவலில் சில இடங்களில் தடுமாறுகிறார்.

இவரைப் புதிதாக வாசிக்க வருபவர்கள் 2024-ஆம் ஆண்டுத் தொகுப்பின் முதல் கதையிலிருந்து தொடங்கலாம். தேய்ந்துகொண்டிருக்கும் ஒரு குடியிருப்பில் வாழும் மருத்துவர் ஒருவருக்கு இறந்தவர்கள் தென்படுகிறார்கள். தன் தாயின் ஆவி உட்படப் பலரையும் பேசி ஆற்றுப்படுத்துவது அவர் வழக்கம். பணத்துக்காகக் கடத்தப்பட்ட ஓர் இளைஞன் தப்பித்து அந்தத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறான். கொள்ளையனாக இருக்கக்கூடும் என்றஞ்சி யாரும் திறக்கவில்லை. பிடித்துக் கொன்றுவிட்டார்கள். இப்போது இரவுகளில் அவன் திரும்பி வந்து அதே கதவுகளைத் தட்டுகிறான்.

அந்தத் தட்டல் நடுத்தர வர்க்கத்தின் குற்றவுணர்வைக் குறிக்கிறது என்று எழுதிவிடலாம், தவறில்லை. ஆனால் அக்கதையின் அண்டை வீட்டார் நடுங்குவது குற்றவுணர்வைக் கண்டல்ல. வாசலில் நிற்கும் அவனைக் கண்டு. ஒருமுறை திறக்காத கதவு அது. அவன் எதைக் குறிக்கிறான் என்று உள்ளே அமர்ந்து விவாதித்துக்கொண்டிருந்தால், இரண்டாம் முறையும் அது மூடியே இருக்கும்.