சிறுகோளில் கிடைத்த சர்க்கரை... டீயில் போடுவது அல்ல!

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர்.ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு நம் கணிதமேதையின் பெயர்: '4130 ராமானுஜன்'. தொலைநோக்கியில் பார்த்தால் நகரும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இப்படியொரு பாறையில் என்ன இருக்கும்? கல், மண், இரும்பு... சர்க்கரையும் இருக்குமா?

ராமானுஜனுக்கு இதுவரை எந்த விண்கலமும் போனதில்லை. ஆனால் 'பென்னு' என்ற இன்னொரு சிறுகோளுக்கு நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் போனது. 2020-ல் மண் அள்ளி, 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது. மொத்தமே 121.6 கிராம். நம்ம ஊர் டீக்கடை கிளாஸுக்குள் அடங்கிவிடும்! அதில் துளியூண்டு எடுத்து ஆராய்ந்த ஜப்பானின் யோஷிஹிரோ ஃபுருகாவா குழு, 2025 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. குளுக்கோஸ் இருந்தது. கூடவே ரைபோஸும் இருந்தது.

குளுக்கோஸ் நமக்குத் தெரியும். ரைபோஸ் யார்? ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட எளிய சர்க்கரை. இதை நாம் தேடிச் சாப்பிட வேண்டியதில்லை. மலையில் விளையும் சாமைச் சோறோ, ரேஷன் அரிசியோ, எது சாப்பிட்டாலும் குளுக்கோஸாக மாறுகிறது. அதன் ஆறு கார்பன்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, செல்லே ரைபோஸைத் தயாரித்துக்கொள்கிறது.

செல்லுக்குள் இதற்கு ஓய்வே கிடையாது. செல்லின் கைச்செலவுக் காசான ஏ.டி.பி. மூலக்கூறின் நடுவில் இருப்பது ரைபோஸ்தான். ஒரு நாளில் நம் உடல் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை உடைத்து, திரும்பக் கட்டி, மறுபடி உடைக்கிறோம். டி.என்.ஏ.வில் உள்ள செய்தியை நகலெடுத்துப் புரதம் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோகும் ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பிலும் ரைபோஸ் உண்டு. பெயரில் உள்ள 'ஆர்' அதுதான்.

டி.என்.ஏ.வில் இருப்பது ஓர் ஆக்சிஜன் குறைந்த டிஆக்ஸிரைபோஸ். ஓர் அணுதானே என்று தோன்றும். அந்த ஆக்சிஜன் இருப்பதால்தான் ஆர்.என்.ஏ. சீக்கிரம் உடைகிறது. கொரோனா காலத்தில் ஃபைசரின் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை மைனஸ் 70 டிகிரி குளிரில் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? உடையாமல் காக்கத்தான்.

பென்னு மண்ணில் டிஆக்ஸிரைபோஸ் கிடைக்கவில்லை. ரைபோஸ் கிடைத்தது. ஆர்.என்.ஏ.வுக்கு வேண்டிய மற்ற இரண்டு சரக்குகளான காரங்களும் பாஸ்பேட்டும் அதே மண்ணில் முன்பே கிடைத்திருந்தன. பூமியில் முதலில் வந்தது ஆர்.என்.ஏ., பிறகுதான் டி.என்.ஏ. என்று சொல்லும் விஞ்ஞானிகளுக்கு இது தெம்பு. அதற்காக பென்னுவில் உயிர் இருந்தது என்று ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். செங்கல், மணல், சிமென்ட் வந்து இறங்கியிருக்கிறது. வீட்டைக் காணோம்.

இதைத் தேடும்போது 'எனர்ஜி' என்று ரைபோஸ் பவுடர் விற்கும் விளம்பரங்களும் கண்ணில் பட்டன. ரைபோஸ் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கக்கூடும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். உங்கள் செல்லே அதைத் தினமும் தயாரிக்கிறது, இலவசமாக.