கள்ளப் பயணி யார்?

விண்வெளிக் கதை பற்றி இவ்வேட்டில் எழுதப் புகுவதைக் கண்டு முகம் சுளிக்கும் நண்பர்கள் சிலர் இருக்கவே செய்வர். உழைப்பவர் வாழ்வைப் பேசவேண்டிய பக்கங்களில் ராக்கெட்டுக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். வேறொரு சாரார், பொழுதுபோக்குக்காக எடுத்த படத்திலும் போய் அரசியல் தேடுவதா என்று நம்மை நோக்கி நகைப்பர். பகைவர்போல் தோன்றும் இவ்விரு சாராரும் உண்மையில் ஒரே கருத்தினரே. அத்தகைய கதைக்கும் மலையகத்து வாழ்வுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதே அக்கருத்து. அதை நாம் மறுக்கிறோம்.

1965 செப்டெம்பர் 15ஆம் நாள் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'லொஸ்ட் இன் ஸ்பேஸ்' என்னும் தொடரின் முதற் பகுதி ஒளிபரப்பாயிற்று. அன்று இலங்கையில் தொலைக்காட்சி இல்லை. 1979இலேதான் அது இங்கு வந்தது. ஆனால் 2018இல் அதே கதை புதுவடிவில் எடுக்கப்பட்டு, இன்று கைத்தொலைபேசி வழியாக எங்கள் மாணவர் கைக்கும் எட்டிவிட்டது. பழைய தொடரின் முதற் பகுதிக்கு இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் 'விருப்பமின்றி வந்த கள்ளப் பயணி' என்றாகும். அந்தப் பெயரிலேதான் நமது வழக்குத் தொடங்குகிறது.

கதை 1997இல் நடப்பதாகக் கற்பிக்கப்பட்டது. பூமியில் மக்கள் பெருகிவிட்டனர். ஆல்ஃபா செந்தாரி என்னும் விண்மீனைச் சுற்றும் கோளுக்குக் குடும்பம் குடும்பமாக அவர்களை அனுப்ப அரசு திட்டமிடுகிறது. விருப்பம் தெரிவித்தோர் பல இலட்சம். அவர்களுள் முதலாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டது ராபின்சன் குடும்பம். அந்நிய நாட்டுக் கையாளான டாக்டர் ஸ்மித், புறப்பட்டு எட்டு மணி நேரத்தில் கலத்தை அழிக்குமாறு அதிலுள்ள இயந்திர மனிதனுக்குக் கட்டளை புகுத்துகிறான். ஆனால் வெளியேறுமுன் கலத்துள் அகப்பட்டுக்கொள்கிறான். கணக்கிற் சேராத அவன் உடற்பாரத்தால் கலம் வழி பிசகி விண்கற்களின் நடுவே செல்கிறது. முடிவில் குடும்பம் அண்டவெளியில் தொலைந்துபோகிறது.

இயந்திர மனிதனின் ஆர்ப்பாட்டத்தைச் சிறுவர் ரசிக்கட்டும். நம்மை நிறுத்தியது அந்தப் பாரம். ஓர் ஆள் அதிகமானால் கலம் வழி தவறும் என்பது கதையின் ஆதாரம். அது இயற்கையின் விதி, அதற்கு யாரும் பொறுப்பல்லர் என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார். கொழுந்து எடுக்கும் எங்கள் தாய்மார் அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்கள். தராசு முன் நாள்தோறும் நிற்பவர்கள் அவர்கள். கூடைக்கென்று கழிப்பார்கள், மழை ஈரத்துக்கென்று கழிப்பார்கள். கழித்தபின் குறித்த கிலோ நிறையவில்லையென்றால் அன்று அரைப்பேர். கொழுந்தின் பாரம் மாறவில்லை. அதைக் குறிக்கும் கைதான் மாறியது. எது பாரம், எது மிகை என்பதைத் தராசு தானாகச் சொல்வதில்லை.

இனி, 'கள்ளப் பயணி' என்ற சொல்லுக்கு வருவோம். இதற்கு ஈடான சொல்லொன்றை இந்நாடு எமக்கென்றே வைத்திருந்தது: கள்ளத்தோணி. சிங்களவர் மட்டும் சொன்ன சொல்லன்று. தமிழ் பேசும் கனவான்கள் வாயிலும் தாராளமாகப் புழங்கிய சொல். வரலாறு என்ன சொல்கிறது? 1820கள் தொட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைக்கும், கங்காணிகள் வாயிலாக ஆள் திரட்டியவர்கள் வெள்ளைத் துரைமார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே மாண்டவர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். பயணச் செலவும் கடனாகப் பதிவாயிற்று. கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் இலங்கை அரசின் சோதனையும் இருந்தது. இத்தனை பதிவோடும் சோதனையோடும் ஏற்றிவரப்பட்ட மக்களுக்கா கள்ளத்தோணி என்று பெயர்!

அந்தச் சொல்லுக்குச் சட்டத்தின் வலுவும் கிடைத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது, தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் அவ்வேழுவருள் இருவர். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் தொடர்ந்து பறிபோயிற்று.

பின்னர் வந்தது பாரக் கணக்கு. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், ராபின்சன் குடும்பம் திரையில் ஏறுவதற்கு ஓராண்டுக்கும் குறைந்த காலத்தின் முன், சிறிமாவோவும் சாஸ்திரியும் புதுடில்லியில் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்! பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? திரைக் கதையில் குறைந்தபட்சம் விருப்பம் தெரிவித்தவர்களையேனும் தெரிந்தெடுத்தார்கள்.

அக்கதையில் வரும் பூமியின் நெருக்கடியையும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். மக்கள் மிகுந்துவிட்டனர் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். நிலம் யார் கையில் என்று அவர் சொல்வதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பிராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்போது, சுற்றிலும் ஏக்கர் ஏக்கராகத் தேயிலை விரிந்து கிடக்கும் காட்சியை அறிந்தவர்கள் இதைக் கேளாமல் விடுவதற்கில்லை.

ஒன்றை மட்டும் அக்கதை தன்னையறியாமல் சரியாகச் சொல்லிவிட்டது. கள்ளப் பயணியான ஸ்மித் ஏழையல்லன். ஏவுதளத்திலேயே பதவி வகித்தவன். கலத்தினுள் புகும் அனுமதி அவனுக்கு இருந்தது. கலத்தைக் கெடுத்ததும் அவன் கையே. நம் நாட்டுக் கலத்தில் அத்தகையோரை இனங்காண முற்பட்டால், கொழுந்துக் கூடை சுமந்தவர் வரிசையில் தேட வேண்டியிருக்காது. தொடரை எழுதியவர்களோ இந்த வழியே மேலே செல்லவில்லை. போகப்போக ஸ்மித்தைக் கோமாளியாக்கி, அவனை எல்லோரும் விரும்பும்படியும் செய்துவிட்டனர். இது நமக்கு உவப்பில்லை.

அழுகையிலும் பாகுபாடு உண்டு. ராபின்சன் குடும்பம் புறப்படுகையில் நாட்டின் ஜனாதிபதியே பேசி வழியனுப்புகிறார். மலைநாட்டு ரயில் நிலையங்களில் தலைமன்னாருக்கு வண்டி புறப்பட்டபோது எந்த ஆட்சித் தலைவரும் வந்ததில்லை. பிள்ளை ஒரு நாட்டுக்கும் பெற்றவர் மறு நாட்டுக்குமாகப் பிரிந்த அந்த மேடையில் எழுந்த ஓலத்தால், அவ்வண்டிக்கு எம்மவர் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டனர். கடல் கடந்தவர்களில் பலர் நீலகிரிக்குச் சென்றனர். கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில், தமிழ்நாட்டு அரசு அவர்களுக்கென 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், மீண்டும் அதே கொழுந்து. இங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் ஆனார்கள்.

ஆகவே, விண்வெளிக் கதை எழுத விழையும் மலையகத்து இளைஞரிடம் கதவைச் சாத்தும் விமர்சக நண்பர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. அமெரிக்கக் கதையைப் பெயர் மாற்றி எழுதினால் அதையும் ஏற்கமாட்டோம். கலம் கிளம்புமுன் பாரம் நிறுத்தவன் யார், பட்டியலில் பெயர் எழுதியவன் யார், இறக்கிவிடப்பட்டவர் எவர் என்பதிலிருந்து அவர்கள் தொடங்கட்டும். அவ்விடயத்தில் ஹொலிவூட் எழுத்தாளரைவிட அவர்களுக்குப் பட்டறிவு அதிகம்.

ராபின்சன் குடும்பத்தை வீடு சேர்க்காமலே, 83 பகுதிகளோடு 1968 மார்ச்சில் அத்தொடர் நிறுத்தப்பட்டது. எங்கள் கப்பல் 1984இல் நின்றது. இந்தியப் பிரஜாவுரிமை பெற்றும் கப்பலேறாதவர்கள், விண்ணப்பித்துவிட்டுப் பதிலின்றிக் காத்திருந்தவர்கள், இவர்களின் பிள்ளைகள் எனப் பெருந்தொகையினர் மலைகளிலேயே தங்கிவிட்டனர். எஞ்சியிருந்த அவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கியது. 1948இல் ஒரு லயத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து.