கற்பனைக் குடும்பத்தின்மேல் ஒரு பாசம்

அமெரிக்க எழுத்தாளர் மேடலின் லெங்கிள் 1962-இல் வெளியிட்ட ‘எ ரிங்கிள் இன் டைம்’ என்னும் நாவலில், காணாமற்போன விஞ்ஞானித் தந்தையைத் தேடி மெக் என்ற சிறுமி அண்டவெளியைக் கடந்து செல்லும் சாகசங்கள் எவ்வளவு விசித்திரமாயினும், வாசகனின் ஹிருதயத்தைப் பிணிப்பவை அவையல்ல. புயலடிக்கும் இரவில், அவள் வருவாளென அறிந்து, தம்பி சார்லஸ் வாலஸ் சமையலறையில் பால் காய்ச்சிக் காத்திருக்கும் அந்த அற்பக் காட்சியே என்பேன். பின்னர் அச்சிறுவன் துஷ்ட சக்தியின் வசப்பட்டுத் தமக்கையையே பரிகசிக்கையில் நாம் பதறுவது, மாயாஜாலத்தின் மகிமையாலன்று, அவனை முன்பே நம் வீட்டுப் பிள்ளையாக ஸ்வீகரித்துவிட்டமையால்தான். மீட்கப்பட்ட தந்தையும் சர்வவல்லவரல்லர் என்று கண்டு மெக் கொள்ளும் கோபமோ, எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. பதிப்பாளர் பலர் நிராகரித்த இந்நூலுக்கு 1963-இல் நியூபெரி பதக்கம் கிடைத்தது; இத்தகைய கதைகளுக்காகக் கண்ணீர் விடுவது சிறுபிள்ளைத்தனம் என்போரின் அபிப்பிராயம் எனக்குச் சம்மதமன்று.